மயக்கம் தெளிந்தபின் பிறந்த இசை

கலைஞன் என்றால் அவனிடத்தில் ஏதாவதொரு மயக்கப் பழக்கம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகும் வழக்கம் எம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. கோயில் திருவிழாவுக்கு வந்த வித்துவான் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கினால், "உள்ளே கொஞ்சம் போனால்தான் கைக்கு வேகம் வரும்" என்று அனுதாபத்தோடு பேசுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பாடகர், நடிகர், கவிஞர் ஆகியோருக்கும் இதே சலுகையை ஊர் வழங்கி வந்திருக்கின்றது. அச்சலுகைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், அந்த வித்துவானின் மனைவியும் மக்களுமே விடை சொல்லத் தக்கவர்கள்.

இக்கருத்து மெய்தானா? போதை கலையை வளர்க்கின்றதா? போதைக்கு அடிமையான ஒருவர் அதிலிருந்து மீண்டால், அவர் கலை வாடிப்போகின்றதா? இக்கேள்விகளுக்கு எம் ஊரில் விடை தேடுவது கடினம். ஏனெனில், இத்தகைய செய்திகளை மூடி மறைப்பதே எம் குடும்பங்களின் வழக்கம். வித்துவான் இறந்தால், "சுகவீனம்" என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும். ஆனால், ஐக்கிய அமெரிக்காவிலே 1940களிலும் 1950களிலும் வாழ்ந்த ஜாஸ் இசைக்கலைஞர் தலைமுறையொன்று இந்தப் பரீட்சையைத் தன் உடலிலேயே நடத்திப் பார்த்தது. அவர்களுள் தப்பிப் பிழைத்தவர்கள் தம் வீழ்ச்சியையும் மீட்சியையும் கூச்சமின்றி எடுத்துரைத்தனர். ஆகையால், நாம் சற்றே கடல் கடந்து சென்று அவர்கள் சொல்வதைக் கேட்போம்.

பார்க்கரின் வாழ்வும் வழக்கும்

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அதனை மேடையிலேயே மனோதர்மத்தால் விரித்துச் செல்வது அதன் உயிர். எமது இராக ஆலாபனையையும் கற்பனாசுரத்தையும் அறிந்தவர்களுக்கு அதன் சுவை விளங்காமற் போகாது.

அந்த இசையின் போக்கையே மாற்றியமைத்த மேதை சார்லி பார்க்கர். 1920ஆம் ஆண்டு கன்சாஸ் நகரிற் பிறந்தவர், சக்ஸபோன் வாசித்தவர். 16 வயதில் ஒரு மோட்டார் விபத்தில் அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. நோவு தணிக்க மோர்பின் கொடுக்கப்பட்டது. மருந்தாக வந்தது பழக்கமாகி, பின்பு ஹெரோயினாக மாறி, அவரை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றிக்கொண்டது.

1946ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆந் திகதி, கலிபோர்னியாவிலே ஓர் ஒலிப்பதிவு நிலையத்தில் பார்க்கர் வாசித்தார். நிற்கவும் முடியாத நிலையில் அன்று அவர் இருந்தார். 'லவர் மான்' என்ற பாட்டை வாசித்தபோது தொடக்கமே தவறிற்று; வாத்தியம் தடுமாறிற்று. அன்றிரவே அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறையில் தீப்பற்றியது. அவர் கைதாகிக் கமரில்லோ என்னும் இடத்திலுள்ள அரசாங்க மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, ஏறக்குறைய ஆறு மாதம் அங்கே இருந்தார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி உளது. தடுமாற்றம் நிறைந்த அந்த ஒலிப்பதிவு இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தது. அதனைக் கேட்ட சிலர், வேதனை பிழிந்தெடுத்த உன்னத கலை அது என்று கொண்டாடினர். பார்க்கரோ அதனை வெளியிட்டமைக்காகக் கடுங்கோபங் கொண்டார். வைத்தியசாலையில் உண்டு, உறங்கி, உடல் தேறி வெளிவந்த பின் 1947ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் ஒலிப்பதிவு செய்த பாட்டுக்கு அந்த வைத்தியசாலையின் பெயரே சூட்டப்பட்டது. அதில் தடுமாற்றமில்லை, தெளிவும் மகிழ்ச்சியும் துள்ளுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் எவரும் எது நோயின் குரல், எது கலையின் குரல் என்று தாமே தீர்ப்பளிக்கலாம்.

ஆயினும், அவரைத் தெய்வமாகக் கொண்ட இளைஞர்கள் வேறொரு முடிவுக்கு வந்தனர். "பார்க்கர் ஹெரோயின் ஏற்றுகின்றார், பார்க்கர் தேவனைப்போல் வாசிக்கின்றார், ஆகவே நாமும் ஏற்றினால் அவ்வாறு வாசிக்கலாம்" என்பது அவர்தம் தருக்கம். தருக்க சாத்திரத்தின் முதற்பாடம் படித்த மாணவனும் இதன் பிழையைக் காண்பான். ஆனால், ஆசைக்கு முன் தருக்கம் நிற்பதில்லை. போதையேற்றிக்கொண்டு நன்றாக வாசிப்பதாகச் சொல்லும் எந்தக் கலைஞனும் பொய் சொல்கிறான் என்று பார்க்கரே வெளிப்படையாகக் கூறினார். அதனைக் கேட்டவர் சிலரே.

1955ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி பார்க்கர் நியூயோர்க்கிற் காலமானார். உடலைப் பார்வையிட்ட வைத்தியர் அவரது வயதை 50க்கும் 60க்கும் இடைப்பட்டதாக மதிப்பிட்டார். உண்மையில் அவருக்கு வயது 34.

உடல் எவ்வாறு அடிமையாகின்றது?

"மனத்தில் உறுதியிருந்தால் விட்டுவிடலாமே" என்று சொல்வது எளிது. அவ்வாறு சொல்லுமுன் உடலினுள்ளே நிகழ்வது யாதென அறிதல் நன்று.

எம் மூளையிலே நோவைத் தணிக்கவும் ஆறுதல் தரவும் உடல் தானே சுரந்துகொள்ளும் பொருள்கள் உண்டு. அவை வந்து பொருந்துவதற்கெனச் சில இடங்கள் நரம்பணுக்களில் அமைந்திருக்கின்றன. அபினும் அதிலிருந்து பெறப்படும் மோர்பின், ஹெரோயின் முதலியவையும் அவ்விடங்களிலேயே சென்று பொருந்துகின்றன என்பதை விஞ்ஞானிகள் 1973ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். கள்ளச் சாவி பூட்டிற் பொருந்துவதுபோல என்று இதனை விளக்கலாம். வெளியிலிருந்து வரும் பொருள் அளவுக்கு மிஞ்சி வந்துகொண்டேயிருந்தால், உடல் தன் இயல்பான சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். முன்பு போதிய அளவு இப்போது போதாது. நிறுத்தினாலோ நடுக்கம், வியர்வை, வாந்தி, எலும்பெல்லாம் முறிவது போன்ற நோவு, உறக்கமின்மை ஆகியவை வந்து வருத்தும். இன்பம் தேடித் தொடங்கியவன், கடைசியில் இந்தத் துன்பத்துக்கு அஞ்சியே தொடர்கின்றான்.

உடலின் துன்பம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ அடங்கிவிடும். நினைவின் இழுப்போ எளிதில் அடங்குவதில்லை. பழைய தெரு, பழைய நண்பன், பழைய வாசனை இவற்றுள் ஒன்று போதும்; பல மாதங்களுக்குப் பின்னும் வேட்கை மூண்டெழும். ஆதலால், விடுவது ஒரு வேலை. விட்ட நிலையில் நிற்பது வேறொரு வேலை. இரண்டாவதே கடினமானது.

இதனை நன்கு உணர்த்தியது கென்ரக்கி மாகாணத்திலுள்ள லெக்சிங்டன் வைத்தியசாலை. 1935ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அங்கே ஏறக்குறைய 1,000 ஏக்கர் நிலத்திலே சிறையும் வைத்தியசாலையும் பண்ணையும் ஒன்றாயமைந்த ஒரு நிலையத்தைத் திறந்தது. தண்டனை பெற்றவர்களும் தாமாக விரும்பி வந்தவர்களும் அங்கே தங்கினர். வயல் வேலை, மாட்டுப் பண்ணை, தையல், உளவைத்தியம் எல்லாம் இருந்தன. ஜாஸ் கலைஞர் பலர் அங்கே சென்றமையால் வாத்தியக் குழுக்களும் கச்சேரிகளும் இருந்தன. எனினும், அங்கிருந்து வெளியேறிய நியூயோர்க் நோயாளரைப் பற்றி 1962இல் வெளியான ஆய்வொன்று, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பழைய வழக்கத்துக்கே திரும்பியதைக் காட்டிற்று. கைதிகளிடத்தே மருந்துப் பரிசோதனைகள் நடத்தப்பட்ட செய்தியும் 1970களில் வெளியாகிப் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் அவ்வைத்தியசாலை மூடப்பட்டது.

ஆனாலும், அந்த வாயிலால் உள்ளே சென்று முழு மனிதராய்த் திரும்பி வந்தவர்களும் உளர். அவர்களுள் ஒருவரது கதை எம் மாணவர்கள் அறிய வேண்டியது.

சொல்ல முடியாமற் போன ஒரு செய்தி

சொனி ரொலின்ஸ் 1930ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே பிறந்தவர். அவரும் சக்ஸபோன் கலைஞர். இருபது வயதிலேயே புகழ் பெற்றார். அதே வயதிலேயே ஹெரோயினுக்கு அடிமையாகிச் சிறையும் சென்றார். 1953ஆம் ஆண்டு ஜனவரியில் மைல்ஸ் டேவிஸ் என்னும் புகழ்பெற்ற எக்காளக் கலைஞரின் ஒலிப்பதிவொன்றில், தாம் குருவாக மதித்த பார்க்கருடன் சேர்ந்து வாசிக்கும் பேறு அவருக்குக் கிட்டிற்று. "நீ இப்போது எப்படியிருக்கிறாய்?" என்று பரிவோடு விசாரித்த பார்க்கரிடம், பழக்கத்தை விட்டுவிட்டதாக ரொலின்ஸ் சொன்னார். அது பொய். சிறிது நேரத்தில் உண்மை வெளிப்பட்டுவிட்டது. அப்போது பார்க்கரின் முகத்திலே தோன்றிய வேதனையைத் தம்மால் மறக்கவே முடியவில்லை என்று ரொலின்ஸ் பிற்காலத்திற் பல பேட்டிகளிற் கூறியிருக்கின்றார். தம்மைப் பின்பற்றியே இந்தப் பிள்ளைகள் அழிகின்றார்கள் என்று அந்த மேதை உள்ளுக்குள் துடித்ததை அந்த முகத்தில் அவர் கண்டார்.

ரொலின்ஸ் தாமாகவே லெக்சிங்டனுக்குச் சென்று சேர்ந்தார். ஹெரோயினின் இடத்தில் மெதடோன் என்னும் மருந்தைக் கொடுத்து, அதனைப் படிப்படியாகக் குறைக்கும் முறையில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. நலமடைந்து வெளியே போய்ப் பார்க்கரைக் கண்டு, "நீங்கள் சொல்லாமற் சொன்னதை நான் விளங்கிக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசை நிறைவேறவில்லை. அவர் வைத்தியசாலையில் இருந்தபொழுதே பார்க்கர் இறந்த செய்தி வந்தது.

வெளிவந்தவர் உடனே மேடையேறவில்லை. சிக்காக்கோ நகரிலே சிறிது காலம் கூலி வேலை செய்தார். கட்டடம் துப்புரவாக்கும் வேலையும் பார்த்தார். இரவு விடுதிகளை நெருங்கினால் பழைய கூட்டாளிகள் காத்திருப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர்கள் வந்து அழைத்தபோது மறுத்து நடப்பது எவ்வளவு கடினமாயிருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பின்பு, 1955ஆம் ஆண்டின் இறுதியில் மக்ஸ் ரோச், கிளிபர்ட் பிரவுண் ஆகியோரின் குழுவிற் சேர்ந்தார்.

இந்தக் கிளிபர்ட் பிரவுண் யார்? ரொலின்ஸின் வயதினரே, எக்காளக் கலைஞர். போதைப்பொருளைத் தொடாதவர், இனிய சுபாவமுடையவர். ஒழுங்காக வாழ்ந்துகொண்டே உயர்ந்த ஜாஸ் வாசிக்க முடியும் என்பதைக் கிளிபர்டைப் பார்த்தே தாம் உணர்ந்ததாக ரொலின்ஸ் கூறுவார். பார்க்கரின் வாழ்வு எத்தனையோ இளைஞருக்குத் தவறான பாடமாயிற்று. பிரவுணின் வாழ்வு ஒருவருக்குச் சரியான பாடமாயிற்று. 1956ஆம் ஆண்டு ஜூன் 22ஆந் திகதி ரொலின்ஸ் தமது மிகப் புகழ்பெற்ற இசைத்தட்டான 'சக்ஸபோன் கொலோசஸ்' என்பதை ஒலிப்பதிவு செய்தார். நான்கு நாட்களின் பின் ஒரு மோட்டார் விபத்திலே கிளிபர்ட் பிரவுண் 25ஆவது வயதில் இறந்தார். அத்தகைய துயரங்களே பலரை மீண்டும் குழியில் வீழ்த்துவன. ரொலின்ஸ் வீழவில்லை.

1959 முதல் 1961 வரை, புகழின் உச்சியிலிருந்த வேளையில், அவர் கச்சேரிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, நியூயோர்க்கின் வில்லியம்ஸ்பேர்க் பாலத்தின் மேல் தனியே நின்று நாள்தோறும் பல மணிநேரம் சாதகஞ் செய்தார். எண்பது வயதைக் கடந்தும் மேடையில் வாசித்தார். போதை நீங்கினால் கலை போய்விடும் என்போர் இந்த நீண்ட வாழ்வுக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

தாயார் வீட்டில் ஒரு வசந்தம்

ஜோன் கொல்ட்ரேன் 1926இற் பிறந்தவர். ஹெரோயினும் மதுவும் அவரை மேடையிலே உறங்கவைத்தன. மைல்ஸ் டேவிஸ் 1957இல் அவரைத் தம் குழுவிலிருந்து விலக்கினார். பிலடெல்பியாவில் தாயார் வீட்டுக்குத் திரும்பிய கொல்ட்ரேன், தாயாரும் மனைவியும் துணையிருக்க, அறையிலே அடைந்து கிடந்து அப்பழக்கத்தை விட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே தெலோனியஸ் மங்க் என்னும் பெருங் கலைஞரோடு சேர்ந்து நியூயோர்க்கிலே அவர் வாசித்த கச்சேரிகள் இசையுலகைத் திகைக்க வைத்தன. இன்று உலகம் கொண்டாடும் அவருடைய படைப்புகளிற் பெரும்பாலானவை மீட்சிக்குப் பின்வந்த பத்தாண்டுகளிற் பிறந்தவை. 1964 டிசம்பரில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட 'எ லவ் சுப்ரீம்' என்னும் இசைத்தட்டின் உறையிலே, 1957இல் இறையருளால் தமக்கு ஓர் ஆன்மிக விழிப்பு ஏற்பட்டதாகவும், பின்பு சில காலம் தாம் வழி தடுமாறியதாகவும் அவரே எழுதினார். வெற்றியை மாத்திரமன்றித் தடுமாற்றத்தையும் சேர்த்து எழுதிய அந்த நேர்மை எம் மனத்தைத் தொடுகின்றது.

கொல்ட்ரேனுக்கு இந்திய இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. 1965இற் பிறந்த தம் மகனுக்குச் சித்தார் மேதை ரவிசங்கரை நினைந்து ரவி என்றே பெயரிட்டார். அந்த ரவிசங்கரோ, 1960களின் பிற்பகுதியில் மேனாட்டு இளைஞர் இந்திய இசையைப் போதைப்பொருளோடு இணைத்தபோது பெரிதும் மனம் வருந்தினார். எம் இசை வழிபாட்டுக்குரியது. அதனைக் கேட்கத் தெளிந்த மனம் வேண்டும் என்று அவர் மேடைகளில் எடுத்துரைத்தார். 1971ஆம் ஆண்டு வங்காளதேச நிவாரணத்துக்காக நியூயோர்க்கில் நடந்த பெருங் கச்சேரியிலும், வாசிக்கத் தொடங்குமுன், புகை பிடிக்க வேண்டாம் என்று கூட்டத்தாரை வேண்டிக்கொண்டார். கிழக்கும் மேற்கும் இந்த ஒரு செய்தியில் உடன்பட்டமை வியப்பன்று.

கொல்ட்ரேன் செய்ததைப் படித்துவிட்டு எவரும் தாமே அறையிற் கதவடைத்துக்கொள்ளல் ஆகாது. பலகாலம் மிகுதியாகக் குடித்த ஒருவர் மதுவைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகலாம். உயிருக்கே மோசம் நேரலாம். வைத்தியரின் மேற்பார்வை இன்றியமையாதது.

பேச்சு எவ்வாறு மருந்தாகின்றது?

இவர்களின் கதைகளிலே பொதுவான ஓர் அம்சத்தை வாசகர்கள் கண்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. போதைக்கு அடிமையானவரின் நாளாந்த வாழ்வு பொய்களால் நெய்யப்பட்டது. பணம் எங்கே போயிற்று, இரவு எங்கே தங்கினார், கை ஏன் நடுங்குகின்றது என்ற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொய் வேண்டும். அப்பொய்களின் சுமை தாளாமலே மீண்டும் மயக்கத்தை நாடுவார். இந்தச் சக்கரம் எங்கேனும் அறுபட வேண்டும்.

1950களின் பிற்பகுதியில் நியூயோர்க்கிலே ஜாஸ் கலைஞர்களுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் நடந்தது. உளவைத்தியர்கள் அவர்களைத் தண்டனைக்குரியவர்களாகக் கருதாது, நோயாளராக மதித்து, அவர்தம் அச்சங்களையும் மனக் காயங்களையும் மனந்திறந்து பேசச் செய்தனர். அப்பணியில் ஈடுபட்டவர்களுள் மரி நைஸ்வாண்டர் என்ற பெண் வைத்தியரும் ஒருவர். அவரே பின்னர், 1960களின் நடுப்பகுதியில், வின்சன்ட் டோல் என்பவரோடு சேர்ந்து, மெதடோனை நீண்டகால மருந்தாக ஒழுங்காகக் கொடுத்து நோயாளரை வேலைக்கும் குடும்பத்துக்கும் திருப்பும் முறையை வகுத்தார். நீரிழிவுக்கு மருந்துண்பவரை நாம் இகழ்வதில்லை, இதுவும் அத்தகையதே.

வைத்தியரோடு பேசுவது ஒரு வகை. தம்மைப் போன்றவரோடு பேசுவது இன்னொரு வகை. 1935ஆம் ஆண்டு, ஒஹையோ மாகாணத்து அக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் வந்து தோல்வியுற்ற பில் வில்சன் என்பவருக்கு, ஹோட்டல் மதுச்சாலையின் ஓசை கேட்டது. சில மாதங்களாக மதுவைத் தொடாதிருந்தவர் அவர். உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்து, தம்மைப் போலவே குடியால் வருந்தும் ஒருவரோடு பேச வேண்டும் என்று விசாரித்தார். பொப் ஸ்மித் என்ற சத்திர வைத்தியரைச் சந்தித்தார். சில நிமிடம் என்றெண்ணிய பேச்சு பல மணிநேரம் நீடித்தது. அந்தப் பேச்சிலிருந்தே பெயர் வெளியிடாக் குடிநோயாளர் சங்கம் பிறந்து உலகெங்கும் பரவிற்று. பல்லாயிரம் பேரை உள்ளடக்கிய பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த வைத்திய அறிஞர்கள், குடியை முற்றாக விட்டிருப்பதற்கு இம்முறை ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, சில வேளைகளில் மேலானது என்று 2020இல் அறிவித்தனர்.

திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' என்னும் அதிகாரத்தின் கடைசி இரு குறள்களையும் அறிந்த எமக்கு இதிற் புதுமை தோன்றாது. வெறிகொண்டிருப்பவனுக்கு நியாயம் எடுத்துரைப்பது, நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போலாகும் என்பது ஒன்றின் கருத்து. தான் தெளிந்திருக்கும் வேளையில் மற்றொருவனின் வெறிநிலையைக் காண்பவன், தன் சோர்வையும் அதிற் காணமாட்டானா என்று கேட்பது மற்றது. முன்னதில் உபதேசம் பயன்படாமையும், பின்னதில் பிறன் வாழ்வே கண்ணாடியாவதும் சொல்லப்பட்டன. அக்ரன் நகரில் இருவர் பேசியதும், ரொலின்ஸ் பார்க்கரின் முகத்திற் கண்டதும் இந்தக் கண்ணாடியே.

இசையின் பங்கு யாது?

இசை போதையைத் தானே ஒழிக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். அப்படியாயின், இசைக்கடலில் மூழ்கியிருந்த பார்க்கர் இறந்திருக்கமாட்டார். ஆயினும், இசைக்கும் மீட்சிக்கும் தொடர்புண்டு. மனத்தை உருக்கும் இசையைக் கேட்கும்போது, இன்பத்தோடு தொடர்புடைய டோபமீன் என்னும் பொருள் மூளையிற் சுரக்கின்றது என்பதை மொன்றியல் நகர ஆய்வாளர் 2011இற் காட்டினர். போதைப்பொருள் வலிந்து உடைத்துத் திறக்கும் கதவை இசை மெல்லத் தட்டித் திறக்கின்றது எனலாம். வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்பொழுது வேட்கை தணிவதற்கும், சிகிச்சையில் ஊக்கம் பிறப்பதற்கும் அது துணைசெய்யக்கூடும் என்று 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறுகின்றது. மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றில் அத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை.

இசை தருகின்ற இன்னொரு நன்மை ஒழுங்கு. விடியலில் எழுந்து சுருதி சேர்த்துச் சாதகஞ் செய்பவருக்கு நாளுக்கொரு நோக்கம் உண்டு. போதை விட்டவரின் வெறுமையான நேரத்தை எதனால் நிரப்புவது என்பதே பெரிய கேள்வி. பாலத்தின் மேல் நின்ற ரொலின்ஸ் அதற்கு ஒரு விடை கண்டார். எல்லோரும் இசைக்கலைஞர் அல்லர். தோட்டமோ தச்சுவேலையோ பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுதலோ அவ்விடத்தை நிரப்பலாம்.

எம் வீடுகளில்

இன்று எமது நாட்டிலே சாராயமும் கசிப்பும் மட்டுமன்றி, ஹெரோயினும், 'ஐஸ்' என்று இளைஞர் கூறும் நஞ்சும் பாடசாலை வாயில்வரை வந்துவிட்டன என்பதைப் பெற்றோர் அறிவர். மானம் போய்விடுமே என்று மறைப்பதே எம்மிடையே முதல் மருந்தாக இருக்கின்றது. அண்ணனுக்குச் சம்பந்தம் பேசும்வரை மூடிவைப்போம், தங்கையின் கலியாணம் முடியட்டும் என்று நாட்களைக் கடத்துவோர் பலர். கணவருக்காகக் கந்தோருக்குச் சுகவீனக் கடிதம் எழுதும் மனைவி, மகனின் கடனை இரகசியமாக அடைக்கும் தாய், இவர்களின் அன்பை நாம் குறைகூறோம். ஆனால், அந்த மறைப்பின் நிழலிலேயே நோய் செழிக்கின்றது.

வெறியிலிருக்கும்போது வாதாடுதல் வேண்டாம். தெளிந்திருக்கும் காலைப்பொழுதில், ஏசாமல், அழாமல், கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள். வைத்தியரிடம் தனியே அனுப்பாமற் கூடச் செல்லுங்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 முதல் இயங்கி வருகின்றது. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளிலும் உளவளத்துணை உண்டு. மீண்டவர் ஒருமுறை தவறினால், "எல்லாம் வீண்" என்று கைவிட்டுவிடாதீர்கள். லெக்சிங்டனிலிருந்து வெளிவந்தோரிற் பெரும்பாலோர் தவறினர். தவறியவர்களுட் பலர் மீண்டும் முயன்றனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒருநாளில் மாறுவதில்லை. இதற்கும் காலம் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். திரையிலும் பாட்டிலும் போதையை அழகாகக் காட்டுவோர் எக்காலத்திலும் இருப்பர். அந்த அழகைக் கண்டு மயங்கும் வேளையில், தம்மைப் பின்பற்ற வந்த இளைஞன் பொய் சொன்னதை அறிந்து வாடி நின்ற சார்லி பார்க்கரை நினைத்துக்கொள்ளுங்கள். தம் உயிரைக் காக்க அவரால் முடியவில்லை; எனினும், அந்த வாடிய முகம் இன்னொருவரைக் காத்தது. இன்று தவறியிருக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருப்பாராயின், அவருடைய உண்மையைக் கேட்கும் பொறுமை உங்களிடம் இருக்கட்டும். சொல்ல வந்தவரைக் கேட்க ஆளில்லை என்ற நிலை மாத்திரம் எம்மிடையே வேண்டாம்.